காலை ஏழரை மணி லேப்

ஜனவரி 6, செவ்வாய்

விண்ணப்பித்தாயிற்று. வெளி மாநிலப் பல்கலைக்கழகம், எம்.ஏ. பொருளாதாரம், மார்ச்சில் நுழைவுத் தேர்வு. எங்கள் கல்லூரியிலிருந்து இந்தத் தேர்வுக்குப் போகிற முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். போனிலேயே எல்லாவற்றையும் முடித்தேன். போட்டோ பெரிதாக இருக்கிறது, சிறிதாக இருக்கிறது என்று அந்த இணையதளம் பலமுறை துப்பியது. நானா விடுவேன்?

அறைத்தோழி ஜெபக்கனி கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கனியும் பி.ஏ. பொருளாதாரம் மூன்றாம் ஆண்டுதான். மூன்று வருடமாக ஒரே அறை. நல்ல பிள்ளை, ஆனால் பயந்தாங்கொள்ளி. மெஸ்ஸில் இரண்டாவது கரண்டி சாம்பார் கேட்கக்கூட என்னைத்தான் அனுப்புவாள்.

“கடைசித் தேதி என்னைக்கு, ஆவுட?” என்று கேட்டாள்.

“ஒனக்கு என்னத்துக்கு? ஒங்கப்பா அங்கன மாப்பிள பாத்துக்கிட்டு இருக்காவ.”

“சும்மாதான் கேட்டேன்.”

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று சொன்னேன். தேர்வு கம்ப்யூட்டரில் நடக்குமாம். பேப்பர், பேனா கிடையாது. அதற்கென்ன? நாள் முழுக்க போனைத் தட்டுகிறவளுக்கு கம்ப்யூட்டர் என்ன பெரிய கம்ப்யூட்டர்.

ஜனவரி 8, வியாழன்

எங்கள் துறைக்கு வாரத்தில் ஒரு நாள் கம்ப்யூட்டர் லேப்பில் ஒரு மணி நேரம் தருவதாகக் கால அட்டவணையில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டின் கடைசிப் பருவத்தில் இன்றுதான் அது முதல்முறையாக நடந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஏசி. கோயில் கருவறைக்குள் போவதைப் போல எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

நான் உட்கார்ந்த மானிட்டர் ஒரே தூசி. அதைத் துடைக்கலாம் என்று விரலை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தேன். இரண்டு மூன்று தடவை இழுத்தேன். லேப் பொறுப்பாளர் தாமோதரன் சார் பின்னால் வந்து நின்று, “அது போன் இல்லம்மா. தொட்டா நகராது. மவுஸப் பிடி” என்றார். வகுப்பே சிரித்தது. தூசியைத் துடைக்கிறவளைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

மவுஸ் பழையது போலிருக்கிறது. அம்புக்குறி நான் சொன்ன இடத்துக்குப் போகாமல் மூலைக்கு ஓடி ஒளிந்துகொள்கிறது. மேஜையின் விளிம்பு வரை இழுத்துவிட்டு, அதற்கு மேல் எங்கே இழுப்பது என்று யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

ஜனவரி 9, வெள்ளி

ஒன்றுமில்லை. தலைவலி. “கம்ப்யூட்டர்ல எழுத வராதுன்னு பயமா இருக்கா?” என்று கனி கேட்டாள். எனக்கு எதற்குப் பயம்? மெஸ்ஸில் எலுமிச்சை சாதம்.

ஜனவரி 12, திங்கள்

பயிற்சி செய்தால் நல்லதுதான். பயத்தினால் இல்லை, வேகத்துக்காக. அந்தத் தேர்வின் மாதிரித் தாள்கள் கம்ப்யூட்டரில் திறக்கும்படி இருக்கின்றன. நேரம் ஓட ஓட எழுதிப் பார்க்கலாம். போனில் திறந்தால் பாதிக் கேள்வி திரைக்கு வெளியே போய்விடுகிறது. எங்கள் ஊரில் லேப்டாப் இருக்கிற வீடு ஒன்றே ஒன்று. அவர்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அதனால் தாமோதரன் சாரிடம் போனேன். பகல் முழுக்க கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களின் வகுப்புகள். மற்ற துறை மாணவர்களுக்கு மாலை நாலரை முதல் ஏழரை வரை பொது நேரமாம். “யாரு வேணும்னாலும் வரலாம்மா. போர்டுலயே போட்டிருக்கு” என்றார். போட்டுத்தான் இருக்கிறது, ‘அனைத்து மாணவ மாணவியரும்’ என்று.

ஆனால் பெண்கள் விடுதியில் ஐந்தேகாலுக்கு வருகைப் பதிவு, பிறகு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வெளியிலிருந்து வருகிற பெண்களுக்கோ நாலரைக்கு ஊர்ப் பஸ், அதை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். வார்டனிடம், ஏழரைக்குக் கூட்டமாகவே திரும்பி வந்துவிடுகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். “ஆவுடையம்மா, எனக்கு பி.பி. இருக்கு” என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது?

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் முடிந்து வந்தாயிற்று. அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பதால் வீட்டில் ஒருத்திக்குச் சமைத்தாலும் ஊருக்கே சமைத்த மாதிரி இருக்கும். தின்று தின்று சுடிதார் இடுப்பில் பிடிக்கிறது.

கனி ஊரிலிருந்து ஒரு நாள் முன்னதாகவே திரும்பியிருக்கிறாள். பொண்ணு பார்க்க வந்தார்களா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஜனவரி 21, புதன்

மூன்று நாளாக எனக்கு மூளை வேலை செய்கிறது. இன்றும் ஐந்து மணிக்கு லேப் வாசலுக்குப் போனேன். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுத்தானே ஆகவேண்டும்? சுவரோரம் நீளமாக ஒரு வரிசை. தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, வாய் பிளந்த ஷூ, அதற்குள் திணித்த அழுக்கு சாக்ஸ். அத்தனையும் ஆண்களுடையவை. பெண்கள் போடுகிற மாதிரி ஒரு ஜோடி கூட இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டு ஓட்டமாக விடுதிக்கு வந்தேன். நேற்றும் எடுத்தேன், முந்தாநாளும் எடுத்தேன், மூன்றிலும் இதே கதைதான்.

காலையில் முதல்வர் அறைக்குப் போகிறேன். இதைவிடத் தெளிவான சாட்சி உலகத்தில் இருக்க முடியாது.

ஜனவரி 22, வியாழன்

முதல்வர் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு சொன்னார்:

“பாத்தியாம்மா, நீயே காட்டிட்ட. லேப் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. பொண்ணுங்களுக்குத்தான் இன்ட்ரஸ்ட் இல்ல. இன்ட்ரஸ்ட் இல்லாதவங்களுக்காக நான் என்ன பண்ண முடியும்?”

என் சாட்சி என் கண்ணெதிரிலேயே கட்சி மாறிவிட்டது. கேட் பூட்டுகிற நேரத்தைச் சொன்னேன். அது விடுதி விஷயமாம், வார்டனிடம் பேச வேண்டுமாம். வார்டனிடம் பேசினால் முதல்வரிடம் போகச் சொல்வார். வந்த கோபத்தில் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கொஞ்சம் சத்தமாகவே சாத்தினேன்.

ஜனவரி 23, வெள்ளி

பெண்களுக்கு ஆர்வம் இல்லையாமே! ஆர்வம் எத்தனை ஜோடி இருக்கிறது என்று அவருக்குக் காட்டுகிறேன்.

திட்டம் இதுதான். செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் எல்லாப் பெண்களும் லேப் வாசலுக்குப் போக வேண்டியது. செருப்பைக் கழற்றி வரிசையாக விட வேண்டியது. உள்ளே போக நமக்கு நேரம் இல்லை, ஆகையால் செருப்பு மட்டும் அங்கே நிற்கட்டும். நாம் வெறுங்காலோடு வகுப்புக்குத் திரும்ப வேண்டியது. கோஷம் இல்லை, கூட்டம் இல்லை, யாரையும் திட்டுவதும் இல்லை. எல்லாத் துறைப் பெண்களிடமும் பேசிவிட்டேன். மூன்று பேர் மாட்டேன் என்றார்கள். அவர்கள் போட்டிருப்பது புதுச் செருப்பாம்.

கனிதான் முணுமுணுத்தாள். “செருப்பு வேண்டாம் ஆவுட. தப்பா எடுத்துக்கிடுவாவ.”

“கழட்டி விடச் சொன்னதே அவியதானட்டி? அதத்தான செய்யப் போறோம்?”

“அது சரிதான். ஆனாலும் செருப்புல்லா.”

இவளைக் கேட்டால் எதற்குமே ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஜனவரி 27, செவ்வாய்

நடத்திக்காட்டிவிட்டேன்.

ஒரு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் வரிசையை நான்தான் அடுக்கினேன். கால்மணி நேரத்தில் சுவரோரம் நிறைந்து, நடைபாதை நிறைந்து, படிக்கட்டில் படிக்கு நாலு ஜோடியாக இறங்கிக் கீழ்த்தளத்துக்கே வந்துவிட்டது. சிவப்பு, பச்சை, மணி வைத்தது, குதிகால் தேய்ந்தது, வார் அறுந்து ஊக்கு குத்தியது. தாவரவியல் துறைப் பெண் ஒருத்தி தன் பெயரைத் துண்டுத்தாளில் எழுதிச் செருப்புக்குள் வைத்துவிட்டுப் போனாள், தொலைந்துபோகக் கூடாதாம். மதியம் வகுப்புகளில் தரை சில்லென்று இருந்தது. வெறுங்காலோடு நடந்தபோது எனக்கு உடம்பெல்லாம் பெருமை. இந்தக் கல்லூரியில் யார் பேச்சுக்கு இத்தனை பேர் செருப்பைக் கழற்றுவார்கள்?

மூன்று மணிக்கு முதல்வரின் குரல் மாடியிலிருந்து கேட்டது.

லேப் வாசலுக்கு மேலே நிறுவனர் ஐயாவின் படம் இருக்கிறது. மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறது. நேற்றைய குடியரசு தினத்துக்குப் போட்ட ரோஜா மாலை இன்னும் வாடவில்லை. அந்தப் படத்துக்கு நேர் கீழே, மாலை போட்ட மனிதருக்குக் காணிக்கை வைத்த மாதிரி, கல்லூரியிலுள்ள பெண்களின் செருப்பு முழுவதும் குவிந்து கிடந்தது.

நான் மேலே பார்க்கவே இல்லை. அடுக்கும்போது தரையைத்தானே பார்ப்போம்?

“நிறுவனருக்குச் செருப்பு வைக்கிற அளவுக்கு வந்துட்டீங்களா?” என்று முதல்வர் கத்தினார். யார் செய்தது என்று கேட்டார். எல்லோரும் குனிந்து அவரவர் செருப்பைத் தேடினார்கள். நான்தான் என்று சொன்னேன். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஜனவரி 28, புதன்

அம்மாவைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாதாம். டிகிரித் தேர்வே எழுதாமல் நுழைவுத் தேர்வை எழுதி என்ன செய்வது?  கனி வெந்நீர் பிடித்து வந்து கொடுத்தாள். ‘நான் அப்பமே சொன்னேம்லா’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜனவரி 30, வெள்ளி

அம்மா பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, நல்ல சேலையில் வந்தாள். முதல்வர் அறையில் அவள் போட்ட சத்தத்தில் மேஜையின் மேலிருந்த பேப்பர்வெயிட் நடுங்கியிருக்கும்.

“ஏளா, அறிவிருக்கா ஒனக்கு? படிக்க அனுப்புனா செருப்பு அடுக்குதியோ? பெரியவரு படத்துக்குக் கீழ வெப்பியா? சார், இவள நீங்க என்ன செஞ்சாலும் சரிதான். நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்.”

முதல்வரே பயந்து, “விடுங்கம்மா, சின்னப் பொண்ணு” என்று சொல்லும்படி ஆகிவிட்டது. அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த தாமோதரன் சார் வாயைத் திறந்தார்.

“சார், வெச்ச இடம் தப்புதான். ஆனா அவ்வளவு பொண்ணுங்க வந்து கழட்டியிருக்காங்க. இன்ட்ரஸ்ட் இல்லன்னு இனிமே நாம சொல்ல முடியாது. காலையில ஒம்பதரை வரைக்கும் லேப் சும்மாதான் கிடக்கு.”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் தீர்ப்பு வந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை லேப் பெண்களுக்கு. அந்த நேரத்தில் ஊழியர் யாரும் வர முடியாது. அதனால் ஒரு மாணவி சாவிக்கும் ஒழுங்குக்கும் பொறுப்பேற்க வேண்டும். சின்னத் தகராறு வந்தாலும் அன்றோடு மூடிவிடுவார்கள். ஆவுடையம்மாள் மட்டும் இந்த வருடம் முடியும்வரை அந்த வாசலை மிதிக்கக் கூடாது.

வெளியே வந்ததும் அம்மா என்னை வேப்ப மரத்தடிக்கு இழுத்துப்போனாள். நான் அடுத்த சுற்றுக்குத் தயாரானேன்.

“ஏளா, அந்த ரூமத் தொறந்து விடுதாவளா இல்லியா?”

“காலைல தொறக்காவளாம்.”

“அப்பம் சரி” என்று மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். அதிரசம். “ஆனா செருப்ப வெச்சிருக்க வேண்டாம்ளா.” அவளும் கனி பேசுவதையே பேசுகிறாள்.

நான் நுழையக் கூடாது என்பதெல்லாம் சும்மா மிரட்டல். காலை ஏழரைக்கு எந்த முதல்வர் எழுந்து வந்து பார்க்கப்போகிறார்?

பிப்ரவரி 2, திங்கள்

மெஸ்ஸில் எல்லோரையும் உட்காரவைத்து, சாவிக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். செருப்பைக் கழற்ற அத்தனை வேகமாக வந்தவர்கள், இப்போது தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு சாக்கு. எங்க வீட்டில் திட்டுவாங்க. எனக்குக் காலையில் எழும்ப முடியாது. ஏதாவது உடைஞ்சா என் தலையில் விழும். எனக்கு வந்த எரிச்சலில் இந்த வெற்றியே வேண்டாம், போங்கள் என்று சொல்ல எழுந்துவிட்டேன்.

“நான் வெச்சிக்கிடுதேன்” என்றது ஒரு குரல்.

கனி. நான் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவள் முகம் சிவந்து, காதுகூடச் சிவந்திருந்தது.

எனக்காகத்தான் செய்கிறாள், பாவம். சாவி எங்கள் அறையிலேயே இருந்தால் எனக்கும் வசதி.

பிப்ரவரி 4, புதன்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான்.

ஏழேகாலுக்கே கிளம்பினோம். கூட்டத்தின் முன்னால் நான்தான் நடந்தேன். கனி பூட்டைத் திறந்தாள், விளக்குகளைப் போட்டாள், திரும்பி வாசலுக்கு வந்து நின்றாள். நான் செருப்பைக் கழற்றினேன்.

“நீ வராத ஆவுட.”

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோளைத் தட்டிவிட்டு உள்ளே காலை வைக்கப் போனேன். அவள் கையை நீட்டிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அந்தக் கை அவ்வளவு உறுதியாக இருக்கும் என்று யார் கண்டது!

“ஏட்டி, யாரு இருக்கா பாக்க?”

“இத்தன பேரு இருக்காவல்லா. ஒருத்தி வாய் விட்டாப் போதும். நீ உள்ள வந்தா நாளைக்கே பூட்டிருவாவ. அம்புட்டுப் பேருக்கும் இல்லாமப் போயிரும்.”

“இத வாங்கித் தந்ததே நான்தான?”

“ஆமா” என்றாள். கையை எடுக்கவில்லை.

எனக்குப் பின்னால் எல்லோரும் நின்றார்கள். என்னைத் தாண்டி எப்படிப் போவது என்று தயங்கினார்கள். நானே ஒதுங்கி, “போங்கட்டி, நேரமாவுது” என்றேன். போய்விட்டார்கள்! இடம் பிடிக்க ஓடினார்கள். ஒருத்தி திரும்பிப் பார்த்திருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து விசைப்பலகைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

கனி சொன்னது சரிதான். சரியாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 5, வியாழன்

கனியோடு பேசவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்றும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சாயங்காலம் கனி தன் சோப்பு டப்பாவைக் கழுவித் துடைத்து என் மேஜையில் வைத்தாள். “இதான் மவுஸு. டப்பாவப் பாக்காத, செவுத்தப் பாரு. டப்பா மேச ஓரத்துக்குப் போயிட்டா, அதத் தூக்கிப் பழைய எடத்துல வெச்சு மறுபடி தள்ளு” என்றாள்.

தூக்கி வைக்கலாம் என்று அந்த தாமோதரன் சார் முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா?

சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் வரைந்து, கீழே சின்னச் சின்னப் பெட்டிகள் போட்டாள். விடை இங்கே, அடுத்த கேள்வி இங்கே, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைப்பது இங்கே. நான் அவளோடு பேசவில்லை. ஆனால் டப்பாவை நகர்த்தினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பேசிவிட்டேன். எத்தனை நாள்தான் ஒரே அறையில் ஊமை நாடகம் போடுவது? லேப்பில் இப்போது வரிசை முறை வந்திருக்கிறதாம். ஆளுக்கு அரை மணி. மீறினால் கனி பின்னால் போய் நின்றுகொள்வாளாம், ஒன்றும் சொல்ல மாட்டாளாம், அவர்களாகவே எழுந்துவிடுவார்களாம். இரண்டாம் ஆண்டுப் பெண்கள் அவளை அக்கா என்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்த தைரியம்தான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கனியும் நானும் டவுனுக்குப் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தோம். விடுதியில் ஞாயிறு அனுமதி பகல் ஒரு மணி வரைதான். சாதிச் சான்றிதழ் எடுக்க வந்த கூட்டம் முதுகில் இடித்துக்கொண்டே நின்றது. இருந்தாலும் மாதிரித் தாள் ஒன்றில் பாதியை முடித்தேன். அம்புக்குறி இப்போது என் பேச்சைக் கேட்கிறது. எல்லா நேரமும் இல்லை.

நடுவில் பக்கம் மாறி எங்கேயோ போய்விட்டேன். கனி குனிந்து, மவுஸைப் பார்க்காமலே இரண்டு தட்டில் என்னைத் திரும்பக் கொண்டுவந்தாள். அவள் கை எவ்வளவு வேகமாகப் போகிறது! தினமும் மேற்பார்வை பார்க்கிறவளுக்கு அது தானாக வந்துவிடும்போல.

மார்ச் 14, சனி

நாளை தேர்வு. திருநெல்வேலியில். கனி இன்றே ஊருக்குப் போய்விட்டாள். பொண்ணு பார்க்க வருகிறார்களாம். இந்த நாளாகப் பார்த்தா வருவார்கள்? என் கையைப் பிடித்து, “நீ நல்லா எழுதணும்” என்றாள். கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை என்று நினைக்கிறேன். தேர்வு முடியட்டும், அவள் அப்பாவிடம் நானே பேசுகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

நன்றாக எழுதினேன். படித்ததுதான் எல்லாம் வந்தது. தெரியாத கேள்வி என்று அதிகம் இல்லை. ஆரம்பத்தில் திரையும் கையும் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு இடத்தில் அழுத்தியது பதிவாகவில்லையோ என்று சந்தேகம் வந்து எல்லாவற்றையும் திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பகுதியைத் திறக்கும்போது நேரம் முடிந்து திரை தானாக மூடிக்கொண்டது. கடைசிப் பகுதி எப்போதும் அவ்வளவு முக்கியமாக இருக்காது.

மார்ச் 17, செவ்வாய்

கனி வந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லையாம். தேர்வைப் பற்றிச் சொன்னேன். நேரம் போதவில்லை என்பதை லேசாகத்தான் சொன்னேன்.

“கடைசிப் பகுதி எல்லாருக்குமே கஷ்டமாத்தான் இருந்திருக்கும், அந்த வட்டி விகிதக் கணக்கெல்லாம்” என்று ஆறுதல் சொன்னாள்.

அதில் வட்டி விகிதக் கணக்கு இருந்ததா? அவளிடம் நான் எப்போது சொன்னேன் என்று ஞாபகமில்லை. அலுப்பில் ஏதாவது உளறியிருப்பேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

மதியம் பட்டியல் வந்தது. விடுதி வராந்தாவில் சிக்னல் நன்றாக இருக்கும் மூலையில் நின்று போனில் பார்த்தேன். என் பெயரைக் காணோம். தளம் சரியாகத் திறக்கவில்லை என்று மூடித் திறந்தேன். பெயரை விட்டுப் பதிவு எண்ணைப் போட்டுத் தேடினேன். காத்திருப்போர் பட்டியலில் தேடினேன். அதிலும் இல்லை.

பின்னால் விசும்பல் சத்தம். கனி தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு இருந்த அழுகையை விழுங்கிக்கொண்டு அவளைத் தேற்றினேன். “எனக்காக நீ எதுக்குட்டி அழுத? இது இல்லன்னா அடுத்த வருசம். கண்ணத் தொடச்சிக்கோ” என்று அவள் முகத்தை என் துப்பட்டாவால் துடைத்தேன்.

அவள் தன் போனைத் திருப்பிக் காட்டினாள்.

ஜெபக்கனி தே. பட்டியலின் முதல் பக்கத்திலேயே.

நான் கொஞ்ச நேரம் அதைப் படித்துக்கொண்டே இருந்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி. பிறகு குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன், மறுபடியும் கழுவினேன். பொறாமைதான்.  மூன்று வருடம் சாம்பார் வாங்கிக் கொடுத்தேனே என்றுகூட நினைத்தேன். இவ்வளவு சின்ன புத்தி எனக்கு இருக்கிறதென்று இதுவரை தெரியாது.

திரும்பி வந்தபோது அவள் அதே தூணில்தான் நின்றிருந்தாள்.

“இதுக்குத்தான் அன்னைக்கு என்ன உள்ள விடலியா?”

“இல்ல. ஆனா நீ அப்பிடி நெனப்பன்னு தெரியும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ ஊரெல்லாம் சொல்லிருவ. எங்கப்பா காதுக்குப் போயிரும். நீ நல்லதுக்குத்தான் சொல்லுவ, ஆனா சொல்லிருவ.”

 சொல்லியிருப்பேன். கல்லூரி வாசலில் விளம்பரத் தட்டி வைத்திருந்தாலும் வைத்திருப்பேன். பொங்கலுக்கு முந்திய அந்தக் கடைசித் தேதிக்குள் தனியாக விண்ணப்பித்து, யாருக்கும் தெரியாமல் படித்து, காலையில் தன் முறை வரும்வரை மற்றவர்களுக்கு இடம் விட்டு நின்று பயிற்சி எடுத்திருக்கிறாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த எனக்குத் தெரியவில்லை. நான்தான் எப்போதும் பேசிக்கொண்டிருந்தேனே.

“கோவமா இருக்கியா?” என்றாள்.

“ஆமா.”

“ரொம்பவா?”

“ரொம்ப. அத விடு. ஒங்கப்பாட்ட எப்பம் சொல்லப் போற? நான் வேணா பேசுதேன்.”

“நீ வேண்டாம்” என்று அவசரமாகச் சொன்னாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பிறகு என் எதிரிலேயே அப்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் என்று நினைக்கிறேன். தேர்வு எழுதியதையும் இடம் கிடைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.  ஒரு வார்த்தையைக்கூட விழுங்கவில்லை.

“நான் போகணும்ப்பா. கல்யாணத்தப் பெறவு பாக்கலாம்.”

 அந்தப் பக்கம் எங்கேயோ சேவல் கூவியது. போனை வைத்துவிட்டாரோ என்று கனி திரையைப் பார்த்தாள்.

“அவ்வளவு தூரம்லா” என்றார் கடைசியில். “கூட யாரு வாரா?”

கனி என்னைப் பார்த்தாள். கூட வருவதற்கு என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

நான் போனை வாங்கினேன்.

“அப்பா, நான் ஆவுட பேசுதேன். ரயில்ல கூடப் போயி, சேத்துவிட்டு, எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு வாறது என் பொறுப்பு. நீங்க கவலப்படாதீங்க. எனக்கும் அங்க ஒரு வேல இருக்கு. அடுத்த வருசம் நான் தங்கப்போற ஹாஸ்டல இப்பமே பாத்து வெக்கணும்.”